அப்பத்தாவின் 1900 பவுன் காசு: மெருகு போடலாமா?

கேள்வி: எங்கள் அப்பத்தா போன வருடம் காலமானார். அவருடைய பெட்டியில் குங்குமச் சிமிழுக்குள் இங்கிலாந்துப் பவுன் காசு ஒன்று இருந்தது. ஒரு பக்கம் முக்காடு போட்ட விக்டோரியா ராணி, மறுபக்கம் குதிரை வீரன், கீழே 1900. தாத்தா பினாங்கில் வேலை பார்த்தபோது வாங்கி அனுப்பியது என்று சொல்வார்கள். நகைக்கடையில் எடை போட்டதில் 7.96 கிராம். "மங்கலாக இருக்கிறது, மெருகு போட்டுத் தருகிறேன், விலை கூடும்" என்றார் கடைக்காரர். பழைய நாணயம் வாங்கும் ஒருவர் இதை 'வெரி ஃபைன்' என்றார், இன்னொருவர் 'எக்ஸ்ட்ரீம்லி ஃபைன்' என்றார். இருவர் சொன்ன விலையும் வேறு வேறு. உண்மையில் இதன் நிலை என்ன? அமெரிக்காவில் இருக்கும் தம்பி, அங்கே அனுப்பித் தரச்சான்று வாங்கலாம் என்கிறான். மகளுக்குத் தை மாதம் கல்யாணம்; டாலராகச் செய்து போடலாமா என்றும் யோசனை. படங்கள் இணைத்திருக்கிறேன்.
காரைக்குடி வாசகி

பதில்: அன்புள்ள அம்மா, இதை நீங்கள் படிப்பதற்குள் காசு மெருகுக்குப் போயிருக்கக் கூடாதே என்ற கவலையோடுதான் எழுதுகிறேன். தயவுசெய்து கொடுக்காதீர்கள். பூந்திக்கொட்டை, பல்பொடி, புளி, சோப்பு, 'மென்மையான துணிதானே' என்று நினைக்கும் துணி, எதுவும் வேண்டாம்.

கடைக்காரர் உங்களை ஏமாற்றுவதற்காகச் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. நகைத் தொழிலில் மெருகு என்பது பொருளுக்குச் செய்யும் மரியாதை. சங்கிலியின் மேற்பரப்பு பத்தர் கடைசியாகக் கொடுத்தது. தேய்ந்தால் மறுபடியும் கொடுக்கலாம். காசின் மேற்பரப்பு அப்படி இல்லை. அதை அச்சு ஒரே ஒரு தரம் கொடுத்தது. அச்சு விழுந்து அழுத்தும்போது தங்கம் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நகர்ந்து, அச்சின் பள்ளங்களுக்குள் போய் நிறைகிறது. அந்த நகர்வின் தடம் வெறும் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய வரிகளாகக் காசின் மேல் தங்கிவிடும். புதுக் காசை ஒற்றை விளக்கின் கீழே பிடித்து மெல்லச் சாய்த்துப் பாருங்கள்: ஒளிக்கீற்று ஒன்று காற்றாடி இறக்கைபோல மையத்தைச் சுற்றி ஓடும். அந்த வரிகள்தான் அதற்குக் காரணம். மெருகுச் சக்கரம் முதலில் அழிப்பது அவற்றைத்தான். அதன் பிறகு காசு கண்ணாடிபோலப் பளபளக்கும். ஆனால் எப்படிச் சாய்த்தாலும் அந்த ஒளி சுழலாது. பழகிய கண்ணுக்கு அது ஒரு நொடியில் தெரிந்துவிடும்.

நான் இந்தத் தொழிலுக்கு வந்த முதல் வருடம் ஒரு கேடயப் பவுன் கைக்கு வந்தது. இளம் விக்டோரியா தலை, பின்புறம் கேடயம். தலைக்குப் பக்கத்து வெற்றிடத்தில் விரல்ரேகை மாதிரி ஓர் அழுக்கு. பருத்தித் துணியால் பத்து நொடிகூடத் துடைத்திருக்க மாட்டேன். அழுக்கு போயிற்று, அது இருந்த இடத்தில் ஒரே திசையில் ஓடும் நூறு மயிர்க்கோடுகள் வந்தன. அந்தக் காசை நானே விலை கொடுத்து வைத்துக்கொண்டேன். என்னிடம் வேலை பழக வருகிறவர்களுக்கு இன்றும் முதலில் அதைத்தான் லென்ஸில் காட்டுகிறேன்.

இனி உங்கள் காசு. நிலையைப் பார்ப்பதற்கு முன் அசல்தானா என்று பார்க்க வேண்டும். போலியான காசுக்கு நிலை என்று ஒன்று கிடையாது. பவுன் காசின் சட்டப்படியான எடை 7.988 கிராம், குறுக்களவு 22.05 மில்லிமீட்டர், தடிமன் ஏறக்குறைய ஒன்றரை மில்லிமீட்டர், 22 காரட். (நம் ஊரில் 'ஒரு சவரன் 8 கிராம்' என்கிறோமே, அந்தச் சவரன் இந்த சாவரின்தான், 7.988ஐ முழுதாக்கி எட்டு என்று வைத்துக்கொண்டோம்.) உங்கள் 7.96 என்பது 28 மில்லிகிராம் குறைவு. கவலைப்படும் குறைவு இல்லை. பிரிட்டனின் 1870ஆம் ஆண்டு நாணயச் சட்டமே, புழக்கத்தில் தேய்ந்து 7.938 கிராமுக்குக் கீழே இறங்கினால்தான் பவுன் செல்லாது என்று வைத்திருந்தது.

எடை சரி என்பது மட்டும் போதாது. 1950களிலும் 60களிலும் லெபனானின் பெய்ரூட்டில் போலிப் பவுன்கள் நிறைய அடித்தார்கள். அவற்றில் பல நல்ல தங்கத்திலேயே அடிக்கப்பட்டவை. ஆகவே 'கேரட் மீட்டரில் வைத்துப் பார்த்தோம், 22 காட்டியது' என்பது தங்கத்துக்குச் சான்று, காசுக்குச் சான்று இல்லை. காசுக்குச் சான்று அதன் மேல் இருக்கும் வேலைதான். உங்கள் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ராணியின் தோளுக்குக் கீழே 'டி.பி.' என்ற இரண்டு எழுத்துகள் கூர்மையாக நிற்கின்றன. அது தாமஸ் பிராக். லண்டனில் பக்கிங்ஹாம் அரண்மனைக்கு முன்னால் இருக்கும் விக்டோரியா நினைவுச் சின்னத்தைச் செய்த அதே சிற்பி. பின்பக்கம் வருடத்துக்கு வலப்புறம் 'பி.பி.' (B.P.) இருக்கிறது: பெனடெட்டோ பிஸ்ட்ரூச்சி, ரோமாபுரியில் பிறந்த ரத்தினச் செதுக்குக் கலைஞர். 1817இல் முதன்முதலாகப் பவுனில் வந்தது அவருடைய புனித ஜார்ஜ் உருவம்தான். அந்தப் புனித ஜார்ஜ்தான் உங்கள் காசின் குதிரை வீரன். போலிகளில் இந்தக் குட்டி எழுத்துகள் புள்ளிகளாகக் குழம்பியிருக்கும், அல்லது சுற்றி வரும் எழுத்துகளின் அடி உருண்டு, மெழுகில் வார்த்ததுபோல் இருக்கும். உங்களுடையதில் எழுத்துகள் செங்குத்தாக எழுகின்றன. அந்த எழுத்துகளின் வரிசையில் கடைசியில் வரும் 'இண்ட் இம்ப்' என்பது 'இந்தியாவின் பேரரசி' என்பதன் லத்தீன் சுருக்கம். நம் நாட்டைச் சொல்லும் அந்த இரண்டு சொற்களையும் ஒரு முறை லென்ஸில் பாருங்கள்.

இன்னொன்றும் உங்கள் கடிதத்தில் இல்லை. வருடத்துக்கு நேர் மேலே, குதிரை நிற்கும் தரைக்கோட்டின் நடுவில் எள்ளளவுக்கு 'எம்' என்று ஓர் எழுத்து இருக்கிறது. உங்கள் காசு லண்டனில் அடித்தது இல்லை; ஆஸ்திரேலியாவில், மெல்பர்ன் அச்சாலையில் அடித்தது. சிட்னி என்றால் 'எஸ்', பெர்த் என்றால் 'பி', எழுத்தே இல்லாவிட்டால் லண்டன். பம்பாயில்கூட 1918இல், அந்த ஓர் ஆண்டு மட்டும், 'ஐ' போட்டுப் பவுன் அடித்தார்கள். 1900இல் மெல்பர்ன் 40 லட்சத்துக்கும் மேலே அடித்துத் தள்ளியது. அதனால் அரிய காசு என்று சொல்ல முடியாது. இதை இப்போதே சொல்லிவிடுவது நல்லது, விலை பேசும்போது உதவும்.

வீட்டிலேயே இன்னும் உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டுமானால் நீர்ச் சோதனை செய்யுங்கள். நூறில் ஒரு பங்கு கிராம் காட்டும் சிறு தராசின் மேல் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்து, எண்ணைச் சுழியம் ஆக்குங்கள். காசைத் தையல் நூலில் சுருக்கிட்டு, டம்ளரின் அடியிலோ பக்கத்திலோ இடிக்காமல், முழுதும் மூழ்கும்படி தொங்க விடுங்கள். குமிழி ஒட்டியிருந்தால் மெல்ல அசைத்து விடுங்கள். தராசு 0.45 அல்லது 0.46 காட்ட வேண்டும். பித்தளைக்குத் தங்கப்பூச்சு என்றால் 0.9ஐத் தாண்டிவிடும், உள்ளே டங்ஸ்டன் வைத்திருந்தால் 0.41க்குப் பக்கத்தில் நிற்கும். உரைகல் பக்கம் மட்டும் போக வேண்டாம். ஒரு தரம் உரைத்தாலும் விளிம்பில் ஒரு தட்டை விழுந்துவிடும்.

இப்போது அந்த இரண்டு வியாபாரிகள் விஷயம். ஒருவர் வெரி ஃபைன் என்கிறார், இன்னொருவர் எக்ஸ்ட்ரீம்லி ஃபைன் என்கிறார். கேட்பவருக்கு இரண்டும் பாராட்டு மாதிரிதான் இருக்கும். பிரிட்டிஷ் முறையில் இவை படிகள்: ஃபைன், அதற்கு மேலே வெரி ஃபைன், அதற்கும் மேலே எக்ஸ்ட்ரீம்லி ஃபைன், உச்சியில் புழங்காத காசு. பெயரைப் பார்த்து மயங்கக் கூடாது. 'ஃபைன்' என்றால் நன்றாகவே தேய்ந்த காசு என்று அர்த்தம். அமெரிக்கர்கள் இதையே 1 முதல் 70 வரை எண்ணாகச் சொல்வார்கள். வில்லியம் ஷெல்டன் என்பவர் 1949இல் அந்த நாட்டுப் பழைய செம்புச் சென்ட் காசுகளுக்காக வகுத்த அளவுகோல் அது. ஒன்று என்பது அடையாளம் மட்டும் தெரிகிற காசு. எழுபது என்பது அதைப்போல எழுபது மடங்கு விலை பெறும் குறையற்ற காசு என்பது அவர் கணக்கு. விலைக் கணக்கு பிறகு பொருந்தாமல் போயிற்று, எண்கள் மட்டும் நிலைத்துவிட்டன. அதில் வெரி ஃபைன் 20 முதல் 35 வரை, எக்ஸ்ட்ரீம்லி ஃபைன் 40, 45. 50 முதல் 58 வரை ஏறக்குறையப் புழங்காதது. 60 முதல் மேலே புழங்கவே புழங்காதது.

எந்தப் படி என்பதைக் காசு முழுவதையும் பார்த்து முடிவு செய்வதில்லை. மேடான நாலைந்து இடங்களைப் பார்த்துத்தான் முடிவு செய்வோம். பையிலும் கல்லாவிலும் உரசும்போது முதலில் அடி வாங்குவது மேடுதான். ராணி பக்கத்தில் புருவ எலும்பு, கன்னம், காதுக்கு மேலே முடி, முக்காட்டின் மேல்மடிப்பு. குதிரை பக்கத்தில் வீரனின் தலைக்கவசம், தோள், தொடை, குதிரையின் மார்பு. பூதக்கண்ணாடி பத்து மடங்கு போதும். கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்த இடத்தில் அச்சு போட்ட கோடு இன்னும் இருக்கிறதா, மழுங்கி ஒன்றாகிவிட்டதா?

இங்கேதான் தொழிலில் இருப்பவர்களே தடுமாறுகிறோம், ஏனென்றால் ஓர் இடம் மழுங்கித் தெரிவதற்கு மூன்று வேறு காரணங்கள் உண்டு. ஒன்று தேய்மானம்: இடம் தட்டையாக, வழவழப்பாக, சுற்றியுள்ள நிறத்திலிருந்து சற்று வேறு நிறமாக இருக்கும், சாய்த்தால் ஒளி அங்கே செத்துப்போகும். இரண்டாவது, அச்சு சரியாக அழுந்தாமல் போனது. கோடு அங்கே ஒருநாளும் வந்ததே இல்லை. அந்த இடம் தட்டையாக இருந்தாலும் ஒளி அதன் மேல் தடையில்லாமல் ஓடும். அது காசின் பிறவிக் குணம், புழங்கிய குற்றம் இல்லை. அதற்காகப் படியை இறக்கக் கூடாது. மூன்றாவது, காசோடு காசு மோதிய தழும்பு. பவுன்களைப் பை பையாகக் கட்டிக் கப்பலேற்றினார்கள், தங்கம் மென்மையானது, ஒரு நாள்கூடக் கடைக்குப் போகாத காசிலும் கன்னத்தில் நாலு வெட்டு இருக்கும். தேய்மானம் எத்தனை தூரம் புழங்கியது என்று சொல்லும்; தழும்பு அதைச் சொல்லாது. இந்த மூன்றையும் பிரிக்காமல் 'கொஞ்சம் அடிபட்டிருக்கு' என்று ஒரே சொல்லில் விலையைக் குறைக்கிறவரிடம், எந்த இடத்தில், எந்த வகை என்று நீங்கள் கேட்கலாம். கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.

உங்கள் காசில் ராணியின் புருவம் சமமாகிவிட்டது. முக்காட்டின் மேல்மடிப்பில் இரண்டு கோடுகள் ஒன்றோடொன்று கலந்திருக்கின்றன. முடியின் இழைகள் காதோரம் தெரிகின்றன, மேலே தெரியவில்லை. இது வெரி ஃபைன், அந்தப் படிக்குள் நல்ல பக்கம். குதிரை பக்கம் இதைவிட நன்றாக இருக்கிறது: தொடையில் மட்டும் லேசான தட்டை, தலைக்கவசத்தின் விளிம்பு தெளிவு, குதிரையின் பிடரியில் இழை இழையாகக் கோடு. இந்தப் பக்கத்தை மட்டும் பார்த்தால் எக்ஸ்ட்ரீம்லி ஃபைனுக்கு அருகில் என்பேன். ஆக இரண்டு வியாபாரிகளும் பொய் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை. ஒருவர் தலையைப் பார்த்துச் சொல்லியிருப்பார், மற்றவர் குதிரையைப் பார்த்து. இங்கிலாந்து வியாபாரிகள் இப்படிப்பட்ட காசுக்கு இரண்டு பக்கத்துக்கும் தனித்தனியாக நிலை எழுதுவது உண்டு. அதுதான் நேர்மையான வழி என்று நான் நினைக்கிறேன்.

ஆனால் அந்த இருவரும் சொல்லாமல் விட்ட ஒன்று இருக்கிறது. அதை உங்களிடம் மறைக்க எனக்கு மனம் வரவில்லை. மூன்றாவது படத்தில், ராணியின் தலைக்கு நேர் மேலே விளிம்பைப் பாருங்கள். உள்விளிம்பில் வரிசையாக நிற்கும் மணிப்பற்களில் நாலைந்து அங்கே ஒன்றாக உருகிக் கலந்திருக்கின்றன. அந்த இடத்தில் நிறம் சற்று வெளிறியிருக்கிறது. காசை நிமிர்த்தி எடுத்த படத்தில், பக்கவாட்டுப் பல்வரிசை அதே இடத்தில் அரம் போட்டதுபோல வழுவழுப்பாக இருக்கிறது. ஒரு காலத்தில் இந்தக் காசுக்கு வளையம் பற்றவைத்திருக்கிறார்கள். காசு மாலையில் கோத்திருக்கலாம், தனியாகச் சங்கிலியிலும் போட்டிருக்கலாம். பிறகு யாரோ வளையத்தை எடுத்து, இடத்தை அராவிச் சமப்படுத்தியிருக்கிறார்கள். வெளிறிய நிறம், பற்றவைக்கப் போடும் பொடியில் தங்கத்தின் மாற்று (தூய்மை) குறைவாக இருப்பதால் வருவது. நான் எடையை வைத்து நிலையைச் சொல்லாமல் விட்டதற்கும் இதுதான் காரணம்: அராவியதில் கொஞ்சம் போயிருக்கும், பொடியில் கொஞ்சம் சேர்ந்திருக்கும், 7.96 என்பதில் எவ்வளவு தேய்மானம் என்று பிரிக்க முடியாது.

இதனால் சேகரிப்பாளர் சந்தையில் இது 'வளையம் நீக்கிய காசு' ஆகிவிடுகிறது. தரச்சான்று நிறுவனங்கள் இப்படிப்பட்ட காசுக்கு எண் கொடுக்க மாட்டார்கள். 'டீடெய்ல்ஸ்' என்று எழுதி, பக்கத்தில் குறையையும் எழுதிவிடுவார்கள். எக்ஸ்ட்ரீம்லி ஃபைன் என்று சொன்னவர் அதற்கான விலையும் தருவதாகச் சொல்லியிருந்தால், விளிம்பைப் பார்க்கவில்லை என்று அர்த்தம். பார்த்ததும் விலை இறங்கும். அன்றைய தங்க விலைக்கு 22 காரட்டில் 7.96 கிராம், அதற்கு மேலே சிறு தொகை. இதுதான் நீங்கள் எதிர்பார்க்கக்கூடியது. அதற்குக் கீழே கேட்பவரிடம் கொடுக்காதீர்கள். சேதாரம், அழுக்கு என்று கழிக்க இதில் எதுவும் இல்லை.

உங்கள் தம்பியின் யோசனைக்கு: வேண்டாம், செய்யக் கூடாது. 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் மற்றும் கலைப்பொக்கிஷச் சட்டத்தின்படி, நூறு ஆண்டுகளைக் கடந்த நாணயம் தொல்பொருள். தனியார் அதை நாட்டுக்கு வெளியே அனுப்பச் சட்டம் இடம் தரவில்லை. 1900 காசு அந்த வரையறைக்குள் வருகிறது. ஊருக்கு வந்து திரும்பும்போது பையில் போட்டுக்கொண்டு போகலாம் என்றும் தம்பி நினைக்க வேண்டாம்.

குங்குமத்தைப் பற்றிக் கேட்கவில்லை, ஆனால் எழுத்துகளின் இடுக்கில் சிவப்பாகப் படிந்திருக்கிறது. அது காசைக் கெடுக்காது. எனக்குப் பிடித்தும் இருக்கிறது. இப்படிக் குங்குமம் படிந்த பவுன்களைப் பார்க்கும்போது எத்தனை வெள்ளிக்கிழமை விளக்குகளைப் பார்த்திருக்கும் என்றுதான் எண்ணத் தோன்றுகிறது. அப்படியே விடலாம். எண்ணெய்ப் பிசுக்கு மட்டும் போக வேண்டும் என்றால், சுத்தமான அசிட்டோனைச் சிறு கண்ணாடிக் கிண்ணத்தில் ஊற்றிக் காசைப் பத்து நிமிடம் ஊற விடுங்கள்; நகப்பூச்சு நீக்கி வேண்டாம், அதில் வாசனையும் வேறு பொருள்களும் கலந்திருக்கும். ஜன்னல் திறந்திருக்கட்டும், பக்கத்தில் அடுப்போ விளக்கோ எரியக் கூடாது. வெளியே எடுத்து அப்படியே காய வையுங்கள். தேய்க்காதீர்கள், ஒற்றாதீர்கள். பிறகு 22 மில்லிமீட்டர் காசுக்கு என்று விற்கும் கெட்டியான பிளாஸ்டிக் உறைக்குள் வைத்துவிடுங்கள். மெத்தென்று வளையும் பிவிசி உறைகள் வேண்டாம். வருடங்கள் போகப் போக அவை பிசுபிசுப்பை விடும். இனி எப்போது எடுத்தாலும் இரு விரலால் விளிம்பைப் பிடித்து எடுங்கள், கீழே ஒரு மடித்த துண்டு இருக்கட்டும்.

கடைசியாக, மகளின் கல்யாணம். சேகரிப்பாளருக்குப் போகும் உயர்நிலைக் காசாக இருந்திருந்தால் தொடவே வேண்டாம் என்றிருப்பேன். இந்தக் காசு ஏற்கெனவே ஒரு முறை உங்கள் வீட்டுப் பெண் ஒருவரின் கழுத்தில் கிடந்தது. அப்பத்தாவாகவும் இருக்கலாம். பழைய கல்யாணப் படம் ஏதாவது இருந்தால் கழுத்துப் பக்கம் உற்றுப் பாருங்கள். மகள் அணியட்டும், எனக்கு அதில் மகிழ்ச்சிதான். ஒரே ஒரு நிபந்தனை, மறுபடியும் காசில் நெருப்பு படக் கூடாது. காசைச் சுற்றிப் பிடிக்கும் தங்கச் சட்டம் தனியாகச் செய்து, மேலே சிறு திருகு வைத்து, வளையத்தைச் சட்டத்தில் பற்றவைக்கச் சொல்லுங்கள். அந்த வேலை முடிந்து சட்டம் ஆறிய பிறகுதான் காசு உள்ளே போக வேண்டும். பத்தரிடம் 22.05 மில்லிமீட்டர் குறுக்களவு, ஒன்றரை மில்லிமீட்டர் தடிமன் என்று அளவை மட்டும் எழுதிக் கொடுங்கள். காசை அவரிடம் விட்டுவிட்டு வராதீர்கள். சட்டம் தயாரானதும் நீங்களே கொண்டுபோய், உங்கள் கண் முன்னால் பொருத்திக்கொண்டு வாருங்கள்.